பாலத்தடிப் பெட்டியும் ஒரு கல்லும்

மீனம்மா விசுவமடுப் பக்கத்து வாய்க்கால் கரையில் வந்து குடியிருந்ததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்த அவளுடைய தகப்பன் காடு வெட்டித் திருத்திய காணி கிளிநொச்சியில் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு இங்கே அடுத்தவர் வயலில் கூலிக்கு நிற்கிறாளே, மண்டையில் ஏதோ பிசகு என்றுதான் பலர் கதைத்தார்கள். கதைக்கட்டும். உண்மையை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாகக் கிழக்கே போகையில், இந்த வாய்க்காலைக் கடக்கும்போது ஷெல் விழுந்து அவளுடைய மகள் நிசாந்தினி செத்துப்போனாள். ஒன்பது வயது. புருசன் தங்கராசா கறிச்சட்டி மூடியால் கரையைக் கிளறிப் பிள்ளையைப் புதைத்தான். அழக்கூட நேரமில்லை, பின்னால் வந்த சனம் தள்ளிக்கொண்டு போனது. முள்ளிவாய்க்காலில் தங்கராசாவும் போய்ச் சேர்ந்தான். பிள்ளையைப் புதைத்த இடம் தெரிந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

மீள்குடியேறி வந்தபோது பழைய மரப்பாலம் இருந்த இடத்தில் சீமெந்தில் ஒடுக்கமான நடைபாலம் கட்டியிருந்தார்கள். மிஞ்சிய கருங்கற்கள் கரையெல்லாம் கிடந்தன. ஒன்றை உருட்டிவந்து பிள்ளையின் மேல் வைத்தாள். பெயர் எழுதவில்லை, பொட்டு வைக்கவில்லை. தெரிந்தால் ஆமிக்காரரோ பொலிசோ வந்து தோண்டுவார்கள், எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள் என்ற பயம். வன்னியில் அதை வீண் பயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் குளிக்கப் போகிற சாட்டில் ஒரு நந்தியாவட்டைப் பூவைக் கல்லடியில் போடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது காற்றில் விழுந்த பூ.

போன வருடம் நோர்வேயிலிருந்து யதுர்ஷிகா என்ற பெட்டை வந்து, பாலத்தின் கீழ் இடுக்கில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை ஒளித்து வைத்தாள். உலகம் முழுக்க இப்படி ஒரு விளையாட்டாம். போனில் இடத்தைப் பார்த்து ஆட்கள் தேடி வருவார்களாம். கண்டுபிடித்தால் பெயரை எழுதிவிட்டு அங்கேயே திரும்ப வைப்பார்களாம். குடியேற்றத் திட்டத்துக்கு வந்த அவளுடைய அம்மப்பாவும் மற்றவர்களும் பனங்குற்றி அடுக்கி முதலில் பாலம் போட்ட இடம் இது என்ற கதையையும் போனில் எழுதியிருந்தாளாம். பெரிய படிப்புப் படித்ததுகளுக்கும் ஒளித்துப் பிடிக்கிற ஆசை போகவில்லை என்று மீனம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது சந்தோசமாகவே தலையாட்டினாள். மகள் தனியே கிடக்கிற கரைக்கு நாலு பேர் வந்துபோவது அவளுக்குப் பிடித்திருந்தது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தாள்.

மாரி பிறந்து வெள்ளம் பெட்டியைக் கொண்டுபோயிற்று. அப்போது மீனம்மா டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் தேடி வந்தது. இடுக்கில் பெட்டி இல்லை என்றதும் கரையில் கிடந்த கல் ஒவ்வொன்றையும் புரட்டினார்கள். போகும்போது அவற்றைப் பாலத்தடியில் ஒழுங்காக அடுக்கியும் வைத்தார்கள். அவர்கள் போன பிறகு இன்னொரு வெள்ளம் வந்து கரையெல்லாம் சேற்றைப் பரப்பிவிட்டு வடிந்தது.

நல்ல பிள்ளைகள், குப்பையைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போனார்கள் என்று பக்கத்து வீட்டு விமலேஸ்வரி புகழ்ந்தாள். அவளும் சேர்ந்துதான் கல் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

காய்ச்சல் விட்ட உடம்போடு மீனம்மா ஓடினாள். அடுக்கில் தன் கல்லை உடனே அடையாளம் கண்டாள். அது கிடந்த இடத்தைத்தான் காணவில்லை. இதுவோ என்று குந்தினாள். இல்லை, அதுவோ என்று எழும்பினாள். எங்கே பார்த்தாலும் ஒரே சேறு. யாரைத் திட்டுவது? யாருக்கும் தெரியக்கூடாது என்று அப்படி வைத்தவள் அவள்தானே. பாழாய்ப்போன கெட்டித்தனம். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சில நாள் கழித்து விமலேஸ்வரியின் போனில் யதுர்ஷிகா கதைத்தாள். பெட்டி போனதற்குக் கவலைப்பட வேண்டாம், இடம் போனில் பதிந்து கிடக்கிறது, அடுத்த முறை வரும்போது அதே இடுக்கில் புதுப் பெட்டி வைக்கலாம் என்றாள். இத்தனை வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை மீனம்மா அப்போது சொன்னாள்.

"என்ர பிள்ளையும் அந்தக் கரையிலைதான் கிடக்கிறாள். அடையாளத்துக்கு மேலை வைச்ச கல்லை, பெட்டி தேடி வந்ததுகள் பிரட்டி எடுத்து அடுக்கிப்போட்டுதுகள். அண்டைக்கு உன்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அவளின்ர இடமும் உன்ர போனிலை இருந்திருக்கும். சொல்லாமல் விட்டிட்டன்."

விமலேஸ்வரி வாயில் கையை வைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். மறுபக்கத்தில் யதுர்ஷிகா அழுதாள். அழுகைக்கு நடுவே, அந்தக் கல்லைக் கரையில் எங்கேயாவது வைத்துக் கும்பிடுங்கோ அன்ரி, எங்கே வைத்தாலும் அது அவளுக்குத்தான் என்று கெஞ்சினாள்.

"வைக்கலாம். ஆனா அதுக்கு அங்கை போகோணுமே, பிள்ளை. எங்கை மிதிச்சாலும் அவளின்ர நெஞ்சோ எண்டு இருக்கு. வயலுக்கும் இப்ப றோட்டாலை சுத்தித்தான் போறன். அந்தக் கரையிலை என்னாலை கால் வைக்கேலாமல் கிடக்கு."