தெருக் கொடியில் காய்ந்த கோமணம்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். முன்னுக்குப் பின்னாக வரும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தோடு அல்ஜீரியாவில் இருந்தார். முத்தியால்பேட்டை வீட்டில் நான், மாமியார், பதினாலு வயசுக் கொழுந்தன், மூன்றே பேர். அவனுக்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து செர்த்திபிகா பரீட்சை நெருங்கியது. தேறினால்தான் அண்ணன் மாதிரி ஒரு வேலைக்குப் போகலாம். அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டான்.

சோம்பேறி என்று மாமியார் திட்டினார். நான் அவன் நடையைப் பார்த்தேன். காலை அகட்டி அகட்டி வைத்தான். விடியலில் கோமணத்தைத் தானே அலசி, விறகுக்குப் பின்னால் ஒளித்துப் போட்டான். காயாத அதையே எடுத்துக் கட்டினான்.

எனக்குப் புரிந்தது. மாதத்துணியை இருட்டில் உலர்த்தி நானும் புண்ணாகிப் போனவள்தான். அப்போது ஆசுபத்திரியில் கன்னியாஸ்திரி நர்ஸ் என்னைச் சத்தம் போட்டார்: "வெயில்ல போடு! வெயிலுக்கு என்ன வெக்கம்?"

அவனுக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் ஆம்பளை இல்லை. மாமியார் பெரிய மார்க்கெட்டுக்குப் போன ஒரு காலையில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

"தம்பி, அரிக்குதா?"

முதலில் அவனுக்கு அழுகைதான் வந்தது.

"கெட்ட நோவு அண்ணி. ராத்திரியில துணி நனஞ்சி போவுது. ரத்தம் வத்தி செத்துடுவேன்னு பசங்க சொல்றானுங்க."

"அவனுங்களுக்கு மட்டும் நனையாதாமா? எங்களுக்கு மாசா மாசம் வர்ற மாதிரி, வயசு வந்தா உங்களுக்கு இது. நோவு இல்ல. ஈரத்தைக் கட்டறதுதான் நோவு. தெனம் சோப்பு போட்டு கழுவு. நல்லா தொடச்சிட்டு காஞ்ச துணிய கட்டு."

"எங்க காயப்போடறது? அம்மா பாத்தா?"

"நான் போடறேன்."

தொடையிடுக்கில் வந்திருந்த படைக்கு ஆசுபத்திரியில் மருந்து வாங்கிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் தெருப்பக்கம்தான் வெயில் விழும். அங்கே கயிறு கட்டி அவன் கோமணத்தைப் போட்டேன்.

எதிர்வீட்டு அக்கா விடவில்லை. "என்னாடி, பிரெஞ்சுக்காரன் கொடி எறங்கி உன் கொழுந்தன் கோமணம் ஏறிடுச்சா?"

யார் முகத்தையும் பார்த்துப் பேசாதவள் நான். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தேன். "ஆமாங்க்கா. உங்க வூட்டுதையும் கொண்டாங்க, எடம் இருக்கு."

மாமியார் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் கோமணத்தை வெடுக்கென்று உருவி எறிந்தார். "மானத்த தெருவுல தொங்க உட்டியேடி!"

எடுத்து அலசித் திரும்பவும் போட்டேன். உள்ளே போய் என் துணிகளையும் கொண்டுவந்து பக்கத்தில் போட்டேன்.

"எம்புள்ள பட்டாளத்துலேர்ந்து வரட்டும், இருக்கு ஒனக்கு!"

"வரட்டும் அத்தை. அவர் துணியும் இங்கதான் காயும்."

படை ஆறியது. பரீட்சை அன்று அவன் நேராக நடந்து தெருமுனையைத் தாண்டிப் போனான். மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். நானும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

பரீட்சை எந்த மாதம், அவர் அப்போது அல்ஜீரியாவில்தானா, வேறு எங்காவதா என்பதெல்லாம் எனக்கு உறுதியில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். நான் செய்ததை யாரும் திருத்த வேண்டாம்.