சந்தனம் பூசிய எஞ்சின்

கலீல் பாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவர் எவ்வளவு சாது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சாதுதான். திருச்சி பீமநகரில் அவர் சத்தம் போட்டுக் கேட்டவர் யாருமில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். நான் வீரமலை, மருங்காபுரிக்காரன். அவருடைய லாரியில் பதினோரு வருஷம் கூடவே போனவன். அவர் ஓட்டுவார், நான் சரக்கு ஏற்றி இறக்குவேன். அவர் கோபப்பட வேண்டிய இடத்திலெல்லாம் அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டேன். ஒரே ஒரு இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். அங்கேதான் மூடவில்லை.

எங்கள் லாரி மருங்காபுரியிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்குக் கடலை ஏற்றும். திரும்பும்போது உப்பும் மண்ணெண்ணெயும். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரிக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதில் வருகிற கேஸிலேயே நாலு வருஷம் ஓட்டினோம். கரித்தூள் உள்ளே போய் எஞ்சினை அரித்துவிட்டது. நாற்பத்தாறாம் வருஷம் புரட்டாசியில், துவரங்குறிச்சி ரோட்டில், எஞ்சினுக்குள்ளே சுழலுகிற கிராங்க் தண்டு ரெண்டாக உடைந்து லாரி நின்றது.

அது போதாதென்று பர்மிட் கொடுக்கிற ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தது. பதினெட்டாம் தேதி லாரி தானாக ஓடி வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பர்மிட் ரத்து. அந்தப் பர்மிட்டுக்காக ஏழெட்டு லாரி கம்பெனி முதலாளிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அது போனால் கலீல் பாய் மறுபடியும் அடுத்தவன் வண்டிக்குக் கூலி டிரைவர். இருபது வருஷம் அப்படி இருந்து, ஏச்சும் பேச்சும் வாங்கி, அதிலிருந்து வெளியே வந்த மனுஷன் அவர்.

பாலக்கரைப் பட்டறை மேஸ்திரி பிலோமின்ராஜ் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்.

"பாய், உங்க எஞ்சின் கூடு, பிளாக், தங்கமா இருக்கு. உள்ளதான் போச்சு. மதுரையிலேருந்து கிராங்க் வரவழைச்சு நானே கட்டித் தரேன். அது கிடைக்கிறதுதான் கஷ்டம். புது எஞ்சின் வேணும்னா மெட்ராஸ்ல எழுதி வச்சுட்டு ஒரு வருஷம் காத்திருக்கணும்."

"கிராங்க் எப்ப வரும் மேஸ்திரி?"

"வந்தாத்தான் வந்துச்சு. சொல்ல முடியாது."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். ஸ்ரீரங்கத்தில் சின்னையா என்று ஒருத்தர் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த சாமான் விற்கிறார், நம் லாரிக்குப் பொருந்துகிற எஞ்சினே இருக்கிறதாம், பழசைக் கட்டி அழுவானேன் என்று நான்தான் சொன்னேன். நான்தான்.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள் போனோம். சின்னையா எங்களை வாசலுக்கே வந்து கூப்பிட்டார். எஞ்சின் பச்சைப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே வாடின சாமந்தி மாலை. ஓட்டிக் காட்டினார். அஞ்சு நிமிஷம் கணீரென்று ஓடியது.

கலீல் பாய்க்கு ஒரு பழக்கம். எந்த இரும்பை வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பார்ப்பார். அன்றைக்கும் தடவிக்கொண்டே வந்தார். சந்தனத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். துடைத்துப் பார்க்கலாமா என்று என்னைத்தான் கேட்டார், வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"பூஜை சந்தனம் பாய். அதுவா உதிர்ற வரைக்கும் எங்க ஆளுங்க துடைக்க மாட்டாங்க" என்றேன்.

"சரி, வேணாம்" என்று கையை எடுத்துக்கொண்டார்.

அது மட்டுமா? பாலக்கரையில் எஞ்சினை லாரியில் மாட்டும்போது மேஸ்திரி துணியை எடுத்துக்கொண்டு வந்தார். "நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரரு, உங்களுக்குத் தெரியாது, கையை எடுங்க" என்று அவரிடமும் எரிந்து விழுந்தேன். என் வாயில் மண்ணைப் போட!

முதல் லோடு கடலையோடு வையம்பட்டியைத் தாண்டவில்லை. புஸ்ஸென்று ஒரு சத்தம். மூடியைத் தூக்கினால், சந்தனத்தின் நடுவிலிருந்து வெந்நீர் பீய்ச்சி அடிக்கிறது. ஒரு பக்கம் சந்தனம் பெயர்ந்து, கீழே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் தெரிந்தது. என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். துண்டை எடுத்து மிச்சச் சந்தனத்தையும் வழிக்கப் போனேன்.

கலீல் பாய் என் கையைப் பிடித்தார். "விடு. அப்படியே இருக்கட்டும். வச்சவங்களே துடைக்கட்டும்."

"உங்களுக்குக் கோபமே வராதா பாய்?"

"கோபப்பட்டா எஞ்சின் ஓடுமா?"

ரெண்டு ஜோடி மாடு கட்டி லாரியைத் திருச்சிக்கு இழுத்து வந்தோம். வழியெல்லாம் சிரிப்பு. பதினெட்டாம் தேதிக்கு எட்டே நாள் இருந்தது. எஞ்சினைக் கழற்றி மாட்டு வண்டியில் வைத்துக் காவிரிப் பாலம் தாண்டி, சின்னையா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

சின்னையா அசரவில்லை. "கொதிக்கிற எஞ்சின்ல பச்சைத் தண்ணியை ஊத்தியிருப்பீங்க, வெடிச்சிருக்கும். நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. சாமிக்கு வச்ச பொருள்ல நான் பொய் சொல்லுவேனா?"

"சாமி பேரை எடுக்காதய்யா, நாக்கு அழுகிடும்!" என்று நான் பாய்ந்தேன். தெருவே கூடிவிட்டது. கலீல் பாய் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சத்தம் கேட்டு சின்னையாவின் சம்சாரம் ரெங்கம்மாள் வெளியே வந்தார். பாய் அந்த அம்மாவிடம் மட்டும் பேசினார்.

"அம்மா, இந்தச் சந்தனத்தை நான் தொடக்கூடாதுன்னு தொடலை. உங்க வீட்டுப் பூஜையில வச்சது. நீங்களே துடைச்சு, கீழே என்ன இருக்குன்னு சொல்லிடுங்க. நான் போயிடுறேன்."

"நான் பொட்டு அளவுக்குத்தான் வச்சேன்" என்றார் அந்த அம்மா. "இம்புட்டு யார் வச்சது?"

ரெங்கம்மாள் முந்தானையால் அழுத்தித் துடைத்தார். மிச்ச விரிசல் முழுக்க மெழுகும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்து, அதற்கு மேல் பச்சைப் பெயிண்ட். பச்சைத் தண்ணீர் பட்டு வெடித்ததை வெடிப்பதற்கு முன்னாலேயே எவன் அடைப்பான்? நகத்தால் ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்துப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மனுஷனாய்யா நீ? ஓட்டையை மறைக்கிறதுக்கு உனக்கு என் பூஜைதான் கிடைச்சுதா?"

உள்ளே போய் நாங்கள் கொடுத்த பணத்தை அப்படியே கொண்டுவந்து வண்டியில் வைத்தார். எஞ்சினையும் எடுத்துப் போகச் சொன்னார். கலீல் பாய் என்ன சொன்னார் தெரியுமா? "உள்ள இருக்கிற கிராங்க் நல்லா இருக்கும்மா. அது எனக்கு வேணும். அதோட விலையை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே நாலு அறை விடலாம் போல இருந்தது. அப்பவும் நியாயம் பேசுகிறார்!

மேஸ்திரி அந்தக் கிராங்க்கை எடுத்து எங்கள் பழைய பிளாக்கிலேயே கட்டினார். ஏழு நாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. கரி படிந்த எங்கள் சொந்த எஞ்சின், பெயிண்டும் கிடையாது ஒன்றும் கிடையாது, பதினேழாம் தேதி சாயங்காலம் ஓடியது. நான் மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "போய்யா, போய் பெல்ட்டைப் பிடி" என்றார்.

மறுநாள் காலையில் பாய் ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தார்.

"வை, வீரமலை."

"எனக்கு வேணாம். அதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது."

"சந்தனமா உன்னை ஏமாத்துச்சு? வை."

முறைத்துக்கொண்டே பிளாக்கின் மேல் ஒரு பொட்டு வைத்தேன்.

லாரியை ஓட்டிக்கொண்டு சோதனை நடக்கிற மைதானத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் நெற்றி நிறைய விபூதி வைத்திருந்தார். மூடியைத் தூக்கிக் குனிந்தவர், பொட்டைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். "பூஜை போட்டிருக்கீங்க. நான் எதுக்குக் கை வைக்கணும்? நல்லாத்தான் இருக்கும்" என்று பேனாவை எடுத்தார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! துண்டை உருவி, நான் வைத்த பொட்டை நானே வழித்தேன். "குனிஞ்சு பாருங்க சார். தடவிப் பாருங்க. பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றேன். இன்ஸ்பெக்டர் திகைத்துப்போய் என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். கிடைத்த பர்மிட்டைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அந்த மைதானமே திரும்பிப் பார்த்த சத்தம்.

"துடைடா வீரமலை! ஒரு புள்ளி மிச்சமில்லாம துடை! அவர் நல்லா பார்க்கட்டும்!"

பதினோரு வருஷத்தில் கலீல் பாய் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். நான் துடைத்தேன். இன்ஸ்பெக்டர் குனிந்து, பிளாக்கை முழுசாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.