இடி இடிக்கையில் அக்கா அழைத்தாள்

என் அக்கா அழைத்தபோது என் கைத்தொலைபேசி அணைந்திருக்கவில்லை. அது என் கையில்தான் இருந்தது. அவள் பெயரைத் திரையில் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடிக்க விட்டேன்.

இங்கே பினாங்கில் ஊருக்கு வேறு கதை சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் இன்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்... நீங்கள் காறித் துப்பினாலும் சரி.

மங்களம் அக்காதான் என்னை வளர்த்தவள். அம்மா போனபின் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். சிறுமியாக இருந்தபோது, இடி மழையில் வீட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தவளை மின்னல் தூக்கி எறிந்தது. இடது காது அன்றோடு போயிற்று. அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: இடி இடித்தால் எல்லா சுவிட்சையும் அடைக்க வேண்டும், போனைத் தொடவே கூடாது.

"கைப்போனுக்குக் கம்பியே இல்லக்கா, ஒன்னும் ஆகாது லா!" என்று சிரிப்பேன்.

"வாய மூடுடா. காது போனவளுக்குத்தான் தெரியும்!" என்பாள்.

இதை நினைவில் வையுங்கள். இடி இடிக்கும்போது என் அக்கா போனைத் தொட மாட்டாள். செத்தாலும் தொட மாட்டாள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரைப் புத்தாண்டுக்கு அவள் வீட்டில் விருந்து. எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்த நேரம். என் மாமனார் வீட்டு ஆட்கள் எல்லாரும் இலைமுன் உட்கார்ந்திருக்க, பாயசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பத்து வயசு வரைக்கும் பாய நனைச்சவன், இப்ப மானேஜராம் லா!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் பெருமையில்தான் சொன்னாள். அது எனக்கு அப்போதே தெரியும்! ஆனாலும் ஐம்பது வயதுக்காரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி அவளாக மன்னிப்புக் கேட்கட்டும் என்று பேச்சை நிறுத்தினேன்.

அந்த வாரச் சனிக்கிழமை. காலையிலிருந்தே புழுக்கம் ஆளைக் கொன்றது. பிற்பகலில் தண்ணீர்மலைப் பக்கம் வானம் கறுத்து, இடியோடு மழை கொட்டத் தொடங்கியது. ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் சன்னல்கள் அதிர்ந்தன. மனைவி காய்ந்த துணிகளை எடுக்கப் பின்பக்கம் ஓடினாள். அப்போதுதான் போன் அடித்தது.

அக்கா!

இடியில் அழைக்கிறாளே என்று ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. உண்மையாகவே திக்கென்றது. ஆனாலும் என்ன நினைத்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்கத்தான் அழைக்கிறாள், கொஞ்சம் காயட்டும் என்று நினைத்தேன். மறுபடியும் அடித்தது. அதன்பிறகுதான் போனை அணைத்தேன்.

அவள் வீடு சுங்கை பினாங்கு ஆற்றை ஒட்டியது. கடல் ஏற்றமும் மழையும் ஒன்றாகச் சேர்ந்ததில் ஆறு பின்வாசல் வழியே சமையலறைக்குள் புகுந்துவிட்டது. முட்டி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள்... தண்ணீர் அழுத்திய கதவை அவளால் இழுத்துத் திறக்க முடியவில்லை. அடுத்த வீட்டுச் சீனர் ஆ செங் அண்ணே தம் வீட்டில்தான் இருந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. மழை விட்டதும் அவர்தான் கதவை உடைத்து அவளைத் தூக்கினார். உயிர் இல்லை.

நான் கிளம்பியிருந்தாலும் வெள்ளத்தில் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்கிறீர்களா? இருக்கலாம். ஆனால் ஆ செங் அண்ணே நம்பர் என்னிடம் இருந்ததே! சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தார்! அக்காவுக்கு அழைக்கத் தெரிந்தது என் ஒருவனை மட்டும்தான். அவள் போனில் பெரிய எழுத்தில் 'தம்பி' என்று நானே பதிந்து கொடுத்திருந்தேன்.

"போன் எடுக்கலியாப்பா?" என்று சாவு வீட்டில் கேட்டார்கள்.

"இடி இடிச்சுச்சு... போன அடைச்சு வெச்சிருந்தேன்" என்றேன்.

"நல்ல பிள்ள! அக்கா பேச்ச இன்னிக்கும் மீறலியே" என்று ஒரு பெரியம்மா என் தலையைத் தடவி அழுதாள். நானும் அழுதேன். அழுகை பொய்யில்லை... அதை நம்புங்கள்.

என் மகள் பிரியா இப்போது கடல் பாலம் தாண்டிச் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறாள். போன வாரம் அவள் வீடு திரும்பும் நேரத்தில் வானம் இடிந்து விழுவதுபோல் முழங்கியது. பதறிப்போய் அழைத்தேன். எடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது... அக்காவுக்கும் இப்படித்தான் அடித்துக்கொண்டே இருந்திருக்கும்!

மழை விட்டதும் அவளே அழைத்தாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடையில் ஒதுங்கி நின்றாளாம்.

"ஏம்மா எடுக்கல?"

"இடி இடிச்சுச்சு லா அப்பா! அத்தை செத்த அன்னிக்குக்கூட நீங்க அவங்க பேச்ச மீறல. நான் மட்டும் மீறுவேனா?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்! வாய்வரை வந்தது.

"நல்ல பிள்ள" என்றேன்.