மகாலட்சுமி கிளம்பாமல் ஃபீஸ் கட்டுவது எப்படி

மகாலட்சுமி பெருமாளின் மார்பிலேயே குடியிருப்பவள் என்பார்கள். அங்கே நிம்மதியாகத்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, எப்போது கோபித்துக்கொள்ளலாம் என்று காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள். துடைப்பம் கண்ணில் படும்படி கிடந்தால் கிளம்பிவிடுவாள். சீவிய முடி தரையில் பறந்தால் கிளம்பிவிடுவாள். அந்தி நேரத்தில் யாராவது படுத்திருந்தால் கிளம்பிவிடுவாள். செவ்வாய், வெள்ளிகளில் பணம் வாசல்படி தாண்டினால், சொல்லிக்கொள்ளாமல் அதன் கூடவே போய்விடுவாள். கல்யாணமாகி ஆறு வருஷமாக அவளைக் கிளம்பவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் முழுநேர வேலை. அதற்கு முன்னால் வேதியியலில் முதுகலை முடித்து ஒரு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் விடுமுறையாவது இருந்தது.

நான் இதையெல்லாம் நம்பாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். நம்பவில்லை என்று சொல்லிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிய பிறகு, கோலமாவு விற்க வந்த அம்மாவுக்கு இருபது ரூபாய் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம், குடிகாட்டுப் பக்கம் என் கணவர் வேலை பார்க்கும் ஆலையில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். இருபது ரூபாய்க்கும் ஓவர்டைமுக்கும் நடுவில் என்ன வினை நடந்திருக்க முடியும் என்று உட்கார்ந்து யோசித்தேன். படித்த படிப்பில் அதற்கு ஒரு சமன்பாடும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த இருபது ரூபாயைப் பற்றி இன்றுவரை வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த வருஷம் என் கவலை எல்லாம் மகளின் எல்.கே.ஜி. சீட். நாங்கள் இருப்பது கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். அங்கே ஒரு பள்ளியில் விண்ணப்பம் வாங்கவே விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும். நின்றேன். பிறகு நேர்காணலில் மகளிடம் ஏதாவது ஒரு நிறம் சொல்லச் சொன்னார்கள். அவள் தன் ஜட்டியின் நிறத்தைச் சொன்னாள். காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது இடம் என்றார்கள். யாராவது மூன்று குடும்பங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வர வேண்டும் என்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். நல்ல தாய் இப்படித்தான் வேண்டுவாளா என்று அப்புறம் தனியாக ஒரு கவலை. கட்ட வேண்டிய தொகை, கிட்டத்தட்ட என் கணவரின் இரண்டு மாதச் சம்பளம், என் கணக்கில் தயாராக இருந்தது.

இரண்டு குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின போலிருக்கிறது. மூன்றாவது குடும்பம் போன நாள் ஒரு வெள்ளிக்கிழமை. சாதாரண வெள்ளி இல்லை, அட்சய திருதியையும் அன்றுதான்.

அன்று நாங்கள் சிதம்பரத்தில் அத்தை வீட்டில் இருந்தோம். அத்தை என்றால் என் மாமியார். காலையில் தாயார் சன்னதியில் தரிசனம், பிறகு மேலவீதி நகைக்கடையில் வரிசை. அங்கே நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் தாயார் சன்னதியில் எனக்கு முன்னால் நின்றவர்கள். ஒரு கிராம் காசு ஒன்று வாங்கினோம். சட்டைப் பொத்தானை விடச் சின்னது. அத்தை அதை மஞ்சள் குங்குமம் வைத்து, அரிசிப் பானைக்குள் வைத்தார். கூடவே ஒரு பாக்கெட் கல் உப்பு. தங்கம் வராவிட்டாலும் உப்பு வந்தால் போதுமாம். இதைக் கடையில் வரிசையில் நிற்பதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஃபோன் வந்தது. பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார். சீட் இருக்கிறது, ஆறு மணிக்குள் ஆன்லைனில் ஃபீஸ் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் உடனே கட்டியிருக்க வேண்டும். யாரையும் கேட்காமல், சமையலறையில் நின்றபடியே. ஆனால் நான் பொறுப்பான மருமகள். போய்ச் சொன்னேன்.

"வெள்ளிக்கெழம, அதுவும் அட்சய திருதியை, வெளக்கு வெக்கற நேரம் வேற ஆவப்போவுது" என்று அத்தை விரல் விட்டு எண்ணினார். "இப்பப் போய் அவ்ளோ பணத்த வெளிய அனுப்பணுங்கறியே!"

"காலைல தங்கம் வாங்கினோமே அத்தை, அதுவும் பணம் வெளிய போனதுதானே?"

"பணம் போச்சு, தங்கம் வந்துச்சு. லட்சுமி பொடவ மாத்திக்கிட்டா, அவ்ளோதான். ஸ்கூல்லேர்ந்து என்ன வரும்? ரசீது வரும்."

நான் ஃபோனில் மணியைப் பார்த்தேன். அத்தை விடவில்லை.

"இன்னிக்கு எது செஞ்சாலும் பெருகும்டி. ஃபீஸ் கட்டினா ஃபீஸு பெருகும்."

"அது எப்பிடியும் வருஷா வருஷம் பெருகத்தான்மா போவுது" என்றார் என் கணவர், கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் ஆலையில் பாய்லரில் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறவர். வீட்டில் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வதில்லை.

"மாமா, ஆறு மணிக்குள்ள கட்டலன்னா நாலாவது ஆளுக்குக் குடுத்துருவாங்க. நீங்களாவது சொல்லுங்க" என்றேன் கணவரிடம்.

அவர் சற்று யோசித்தார். "அம்மா, பணம் நம்ம வீட்லயா இருக்கு? பேங்க்ல இருக்கு. பேங்க்கோட சர்வர் மும்பைல இருக்கும். லட்சுமி போனா மும்பைலேர்ந்துதான் போவா."

அத்தை இதை எளிதில் தள்ளிவிடவில்லை. மும்பையை நினைத்துப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டார்: "ஃபோன் எங்க இருக்கு?"

"இவ கையில."

"இவ எங்க இருக்கா?"

"இங்க."

"அப்ப இங்கேர்ந்துதானே போவுது?"

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. நான் வாசல்படி தாண்டிப் போய், தெருவில் நின்று அனுப்ப வேண்டும். இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மணி ஐந்தேகால்.

"நம்ம வாசல்ல நிக்காத, எதிர்ச் சாரிக்குப் போ" என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். போனேன். எதிர் வீட்டு அக்கா வெளியே வந்து, என் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தார்.

"என்னம்மா, எங்க வாசல்ல நின்னு ஃபோனத் தடவிக்கிட்டிருக்க?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் என் வாழ்க்கை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "பாப்பாவுக்கு ஃபீஸ் அனுப்பணும்க்கா. எங்க வீட்லேர்ந்து அனுப்பக் கூடாதாம்."

"ஓஹோ! ஒங்க லட்சுமி போவக் கூடாது, எங்க லட்சுமி போவலாமா? நல்லாருக்குடி ஒங்க நாயம்! தள்ளிப் போ, தள்ளிப் போ. கோலத்த மிதிக்காத!"

தெருவில் நடந்தேன். எல்லா வாசலிலும் கோலம், எல்லா மாடத்திலும் விளக்கு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் லட்சுமியை உள்ளே வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். பணம் பாவம் என்று நம் சமயம் சொன்னதில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்று வரிசைப்படுத்தி அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. அந்த வரிசையில் அதற்கு முன்னால் ஒன்று நிற்பதை மட்டும் அந்தத் தெருவில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும்தான்.

தெருக் கோடியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. அரசாங்க இடம். அங்கிருந்து லட்சுமி போனால் புதிதாக யாரும் எதையும் இழக்கப் போவதில்லை என்று முடிவு செய்து அதன் அடியில் நின்றேன். மகள் என் தாலிச் சரட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். தொகையை அடித்தேன். அழுத்தாமல் நின்றேன். இந்தப் பணம் போன பிறகு இந்த வீட்டில் எது நடந்தாலும், ஆலையில் ஆட்குறைப்பு வந்தாலும், அத்தைக்குச் சர்க்கரை கூடினாலும், மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், இந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன். லட்சுமியைப் பற்றிய பயம் இல்லை இது. ஆனால் ஆறு மணிக்குள் கட்டாவிட்டால், இன்னும் பதினான்கு வருஷத்துக்கு மகள் வாங்கும் ஒவ்வொரு குறைந்த மதிப்பெண்ணுக்கும் இதே வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வேன்.

அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. பரிவர்த்தனை தோல்வி என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி தோல்வி. ஊரே தங்கம் வாங்கிக்கொண்டிருந்தது, என் ஃபீஸுக்கு யார் வழிவிடுவார்கள்? தெய்வமே தடுக்கிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம், தடுக்கிற தெய்வம் நகைக்கடையில் ஏன் தடுக்கவில்லை என்றும் தோன்றியது. மணி ஐந்து ஐம்பது. பள்ளிக்கு ஃபோன் செய்தேன்.

"ரெண்டு தடவ ஃபெயில் ஆயிடுச்சு மேடம். நாளைக்குக் காலைல மொத வேலையா கட்டிடறேனே, சீட்ட மட்டும் குடுத்துராதீங்க."

"நாளைக்குன்னா வேணாம் மேடம்" என்றார் அலுவலகப் பெண். "எங்க சாரு இன்னிக்கே வரணும்னு சொல்லிட்டாரு."

"சனிக்கெழமயும் ஆபீஸ் உண்டுதானே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு அட்சய திருதியை இல்லீங்களா. இன்னிக்கு உள்ள வர்ற பணம் பெருகும்னு சாருக்கு ஒரு நம்பிக்கை. அதான் வெயிட்டிங் லிஸ்ட இன்னிக்குன்னே எடுத்து வச்சிருந்தாரு."

டிரான்ஸ்ஃபார்மரில் சாய்ந்துவிடாமல் சமாளித்தேன். கொடுக்கக் கூடாத நாளும் வாங்கியே தீர வேண்டிய நாளும் ஒன்றே என்று விதித்தவர், ஊருக்கு ஓர் ஏமாளியாவது இருப்பான் என்ற நம்பிக்கையில்தான் விதித்திருக்க வேண்டும்.

"மேடம், இருக்கீங்களா?" என்றார் அந்தப் பெண். "முழுசா வரணும்னு இல்ல. சகுனத்துக்கு நூத்தியொண்ணு அனுப்பிருங்க, சீட்ட ஒங்க பேர்ல போட்டுர்றேன். மிச்சத்த திங்கக்கெழம கட்டுங்க. செவ்வாக்கெழம வேணாம், அன்னிக்கு நீங்க குடுக்க மாட்டீங்க."

நூற்றியொன்றை அடித்தேன். அது மட்டும் ஒரே நொடியில் போனது. மகள் பெயரோடு ஒரு குறுஞ்செய்தி வந்தது, இடம் உறுதி என்று. அதை மூன்று முறை படித்தேன். தெருவில் நின்று கொஞ்சம் அழுதேன். மகள் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

வாசலில் அத்தையும் கணவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"போச்சா?" என்றார் அத்தை.

"நூத்தியொண்ணு மட்டும்தான் அத்தை. மிச்சம் திங்கக்கெழம. சீட் கெடச்சிருச்சு." பிறகு அலுவலகப் பெண் சொன்னதையும் சொன்னேன். அத்தைக்குக் கோபம் வரும், நானும் கூடச் சேர்ந்துகொண்டு ஒரு முறையாவது ஒரே பக்கத்தில் நிற்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

அத்தை முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! நாள் பாத்து வாங்கறாங்க. நல்ல ஸ்கூல்தான்டி. நான்கூட என்னமோன்னு நெனச்சேன்."

"அப்ப முழு ஃபீஸையும் இன்னிக்கே கட்டியிருக்கலாமாம்மா?" என்றார் என் கணவர்.

"போடா, வெளக்கு வெக்கற நேரத்துல பேச்சப் பாரு" என்று அத்தை உள்ளே போனார்.

மகளை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நானும் உள்ளே வந்தேன். வலது காலை எடுத்து வைத்து வந்தேனா என்று ஞாபகம் இல்லை. அடுத்த இரண்டு நாளும், திங்கட்கிழமை மீதியைக் கட்டி முடிக்கும் வரை, அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.