கர்னலுக்காக ஒரு மொட்டை

போன வியாழக்கிழமை காலையில் என் மகன் என்னை நோயாளியாக்கினான். நான் அப்போது சமையலறையில் நின்று அவனுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் ராணுவத்தில் கேப்டன். இருபது நாள் விடுப்பில் சித்தூருக்கு வந்திருந்தான். கூடத்தில் உட்கார்ந்து தனக்குக் கீழே இருக்கும் ஒரு சிப்பாயிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். அந்தச் சிப்பாயின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இன்னும் மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்று அவன் கெஞ்சுவது, ஸ்பீக்கரில் இருந்ததால், எனக்கும் கேட்டது. என் மகன் இந்தியில் சுருக்கமாக முடித்தான். ரூல் என்றால் ரூல், திங்கட்கிழமை காலை நீ யூனிட்டில் நிற்க வேண்டும் என்றான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தன் மேலதிகாரியைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வரும்போல் இருக்கிறது, ஐந்து நாள் கூட்டிக்கொடுங்கள் சார் என்றான். அந்த வாரக் கடைசியில் திருச்சானூரில் அவனுடைய நண்பனுக்குக் கல்யாணம்.

எனக்கு இந்தி புரியும் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"எனக்கு எப்போடா பிபி ஏறிச்சு?" என்றேன், தட்டை வைத்துக்கொண்டே.

"அட விடும்மா. எல்லாரும் சொல்றதுதான். நீ சட்னி போடு."

மூன்று தோசை சாப்பிட்டான். நல்ல பிள்ளைதான். முதல் சம்பளத்தில் எனக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தவன். ஆனால் அவன் கையைக் கழுவப் போன பிறகும் நான் கரண்டியோடு அடுப்படியிலேயே நின்றேன். தோசை தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். அன்றிலிருந்து எனக்கு நைனாவின் மொட்டைத் தலை ஞாபகமாகவே இருக்கிறது.

நைனா என்றால் என் அப்பா. நாங்கள் சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. நைனா பட்டாளத்தில் நாயக். சட்டைக் கையில் இரண்டு பட்டை. மூன்றாவது பட்டை கிடைத்தால் ஹவில்தார். அதற்குள் அவருடைய காலம் முடிந்துவிட்டால் இரண்டு பட்டையோடும் கொஞ்சம் பென்ஷனோடும் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். அம்மா இரவு ஜெபத்தில் எங்கள் படிப்பையும் கூரையையும் சொல்லிவிட்டு, கடைசியில் அந்த மூன்றாவது பட்டையையும் சொல்வாள். ஆண்டவருக்குப் பட்டாளத்துக் கணக்கு தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

பட்டையைக் கொடுப்பதும் கொடுக்காததும் கர்னல் கையில் இருந்தது. அந்தக் கர்னலைப் பற்றி நைனா சொல்லாத விடுமுறையே கிடையாது. கர்னல் நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். கண்டிப்பென்றால் அப்படி ஒரு கண்டிப்பு. விடுப்பில் போன ஒரு சிப்பாய் அனுமதி கேட்காமல் ஏதோ கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பினானாம். முதுகில் மணல் மூட்டையைக் கட்டி, பத்து நாள் உச்சிவெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாராம். "உன் உடம்பு சர்க்காருக்குச் சொந்தம், தலைமுடியும் சேத்துதான்" என்று நைனா கர்னல்போல மார்பை நிமிர்த்திச் சொல்லிக் காட்டுவார். நாங்கள் கைதட்டுவோம். எங்களுக்கே சொந்தமான கர்னல் மாதிரி பெருமையாக இருக்கும்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, நைனாவின் விடுப்பு முடிய எட்டு நாள் இருக்கையில், தந்தி வந்தது. கர்னல் மனைவியோடு திருமலைக்கு வருகிறார், வெள்ளிக்கிழமை காலை ரேணிகுண்டாவில் வந்து நிற்கவும். கூரைக்கு ஓடு மாற்ற ஆள் சொல்லியிருந்தார்கள். நைனா ஓட்டுக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தார்.

"லீவுல கூட உங்களுக்கு லீவு இல்லியா?" என்றாள் அம்மா.

"வாய மூடு. பட்டை வந்துக்கினு இருக்குதுடி, ரயிலேறி."

நானும் வருவேன் என்று அழுது புரண்டேன். கூட ஒரு பிள்ளை இருந்தால் கர்னல் மனைவிக்குப் பிடிக்கும் என்று அம்மா சொன்னதால் கூட்டிப்போனார்.

கர்னல் நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். ஆனால் முடி அடர்த்தி. எண்ணெய் தடவி வகிடெடுத்து வாரியிருந்தார். அவர் மனைவி என் கன்னத்தைக் கிள்ளி, ரயிலில் மிச்சமான பிஸ்கட்டைக் கொடுத்தாள். வாடகைக் காரில் மலை ஏறினோம். வழியில் அந்தம்மா நைனாவிடம் தெலுங்கில் எல்லாம் சொன்னாள். ஜீப் கவிழ்ந்து கர்னல் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது அவள் வேண்டிக்கொண்டாளாம். இவர் எழுந்து நடந்தால் இவர் தலைமுடியைச் சாமிக்குக் கொடுக்கிறேன் என்று. கர்னல் முன்சீட்டில் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

மொட்டை போடும் மண்டபத்தில் தரையெல்லாம் ஈரமும் முடியுமாக இருந்தது. வரிசை வரிசையாக மனிதர்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நைனா சீட்டும் பாதி பிளேடும் வாங்கிக்கொண்டு வந்து கர்னலிடம் நீட்டினார். கர்னல் வாங்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டே வாசற்படியில் நின்றார்.

அடுத்த புதன்கிழமை ஜெனரல் பார்வையிட வருகிறார் என்றார் மனைவியிடம். அவர் முன்னால் நான் எப்படி மொட்டையாக நிற்பேன், இதே காரணத்துக்காக ஒருவனைத் தண்டித்திருக்கிறேன் என்றார். அந்தம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். சாமி கடனை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றாள். கர்னல் அவளைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார். அப்புறம் நைனாவைப் பார்த்தார்.

அவர் கட்டளையாகச் சொல்லவில்லை. அதை இப்போதும் நான் சொல்லியாக வேண்டும். கேட்கவே கூச்சப்பட்டார். நாயக், நீ எங்கள் வீட்டு ஆள்தானே என்றார். அந்தம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மா இன்டி மனிஷே கதா" என்று அதையே தெலுங்கில் சொன்னாள். வீட்டு மனிதர்களில் யார் கொடுத்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும் என்றாள்.

நைனா கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "சார், பர்மிஷன்?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் பர்மிஷன்" என்றார் கர்னல்.

நைனா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அது என் முழங்கைவரை ஏறியது. அவர் ஈரத்தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. நான் கர்னலைப் பார்த்து, "அங்கிள், நீங்க போட்டுக்கலியா?" என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் புரிந்திருக்க வேண்டும். பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டில் அம்மா வாயில் சேலையைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாண்ணா, மதம் மாறிட்டியா, மண்டைய மட்டும் மாத்திட்டியா?" என்றார். நைனாவும் சிரித்தார். உண்மையான சிக்கல் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. எங்கள் சபையில் பெண்கள் முக்காடு போட வேண்டும், ஆண்கள் தலையை மூடவே கூடாது. நைனா கடைசி பெஞ்சில் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். ஜெபம் தொடங்கியதும் பின்னால் நின்ற மூப்பர் ஒருவர் அதை உருவிவிட்டார்.

"கர்த்தர் சந்நிதில துண்டு போட்டுக்கினு குந்தியிருக்கியே, இது இன்னா பழக்கம்?"

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆராதனை முடிந்ததும் போதகர் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "வேனக்கட்டி, பாஸ்டர். தலையெல்லாம் கொப்புளம்" என்றார் நைனா. பொய் சொல்லக்கூடாது என்று அதற்கு முந்தைய ஞாயிறுதான் எங்களுக்குப் பாடம் நடந்திருந்தது. நான் நைனாவையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அன்று திருவிருந்து ஞாயிறு. யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் நைனா அப்பத்துக்கு எழுந்து போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் பட்டாளத்தில் இருந்தார். புதன்கிழமை ஜெனரல் வந்தார். அடுத்து நடந்ததெல்லாம் மறுவருஷ விடுப்பில் நைனா வாயால் கேட்டதுதான். அதை அவர் ஒரு நாடகமாகவே நடத்திக் காட்டினார்.

வரிசையில் ஜெனரல் நடந்து வருகிறார். நைனா முன்னால் நிற்கிறார். இது என்ன தலை என்று கேட்கிறார். நைனா நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் கர்னல். பிறகு கர்னல் சொல்கிறார்: அனுமதியில்லாமல் செய்திருக்கிறான் சார். தண்டனை உண்டு.

"அப்பால?" என்றார் சித்தப்பா.

"அப்பால இன்னா, பத்து நாளு ஓட்டம்தான்." நைனா மூலையில் இருந்த அரிசி மூட்டையைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு வாசலைச் சுற்றி ஓடிக் காட்டினார். கண்ணை உருட்டி நாக்கைத் தள்ளினார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "ஒன்னு சொல்லணும், அந்த மனுஷன் தண்டனைய என் சர்வீஸ் புஸ்தகத்துல எழுதல. எழுதியிருந்தா என் பட்டை போயிருக்கும். அவருக்கும் மேல ஒருத்தன் நிக்கிறான் இல்ல? அவரு கை நடுங்கிக்கினு இருந்துச்சு, நான் பாத்தேன்."

பட்டை உண்மையிலேயே வந்திருந்தது. புதுச்சட்டையில் மூன்று கோடுகள். சித்தப்பா அதைத் தொட்டுப் பார்த்து, ஒரு கோட்டுக்கு எத்தனை முடி என்று கேட்டார். அதற்கும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, உள்ளே எழுந்து போனாள்.

அந்த முறை நைனாவின் இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு எண்ணெய் டப்பாவும் வந்தது. ஓட்டத்தின் மூன்றாம் நாள், வெயிலில் நைனாவின் தலை தோலுரிந்ததைக் கேள்விப்பட்டு, கர்னலின் மனைவி ஆள்மூலம் கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய். நல்ல வாசனை எண்ணெய். மூடியின் சீல்கூட உடைக்கப்படாமல் இருந்தது. அம்மா அதை வாங்கி அலமாரியின் மேல்தட்டில், வேதப்புத்தகத்துக்கு எதிர்மூலையில் வைத்தாள். அங்கேயே அது இருந்தது. எங்கள் வீட்டில் அப்போது எண்ணெயைச் சொட்டுக் கணக்கில்தான் தலைக்கு வைப்பார்கள். அம்மாவுக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று எனக்குக் கோபமாக வரும்.

என் மகனுக்கு அவன் தாத்தாவைப் படத்தில்தான் தெரியும். படத்தில் மூன்று பட்டையும் படிய வாரிய முடியும் இருக்கின்றன. திருச்சானூர்க் கல்யாணத்துக்குப் போய்வந்தான். நாளை சாயங்காலம் ரேணிகுண்டாவில் ரயில் ஏறுகிறான். அந்தச் சிப்பாயின் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்க நினைக்கிறேன். கேட்டால், என்னிடமே, ரூல் என்றால் ரூல் என்பானோ என்று பயமாக இருக்கிறது. பயத்தைவிட, அவன் கை நடுங்கவில்லையே என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கர்னலுக்காவது நடுங்கியது.

அந்த டப்பாவை நான் ஒருநாள் திறந்தேன். அதே விடுப்பில்தான், நைனா கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு. ஸ்டூல் போட்டு ஏறி, சீலைக் கரண்டியால் நெம்பி, உள்ளங்கை நிறைய ஊற்றித் தலையில் தேய்த்துக்கொண்டேன். வீடெல்லாம் மணத்தது. அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள். நைனா தடுத்தார். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, சீயக்காயைக் கரைத்து, தன் கையாலேயே என் தலையைத் தேய்த்துவிட்டார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவதுமுறையும். குனிந்து முகர்ந்து பார்த்தார். மறுபடியும் வாளியை இறக்கினார்.

அதற்குமுன் நைனா எனக்குத் தலை குளிப்பாட்டியதே இல்லை. நாளை மறுநாள் ஊருக்குப் போகிறாரே, அந்தப் பாசம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சநேரம் தேய்த்தால் நன்றாக இருக்கும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.