ஐந்து நாற்பதுக்கு விழுந்த வண்டி

சிரிக்க வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். கடைசியில் சிரிப்பு வராது. இது நடந்தது. முக்கால்வாசி, ப்ரேக் அக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவருக்கு நடந்தது. மீதி யாருக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். அக்காவை மூன்று தடவை துருவித் துருவிக் கேட்டேன். மூன்று தடவையும் ஒரு நிமிடம்கூட முன்பின் மாறாமல் சொன்னார்.

அக்கா பெண்களுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மூடிப்போன குடோன் ஒன்றின் சிமெண்ட் மைதானம்தான் அவருடைய பள்ளிக்கூடம். ஓரத்தில் தகர ஷெட். நடுவில், திரும்புகிற இடத்துக்கு அடையாளமாக ஒரு நீல டிரம். "ப்ரேக்! ப்ரேக்!" என்று அவர் கத்துவது தெருக்கோடி வரை கேட்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடுவார். "பிடிச்சிருக்கேன், தைரியமா போ!" என்பார். சொல்லிக்கொண்டே சத்தமில்லாமல் கையை எடுத்துவிடுவார். ஓட்டுகிறவள் அந்த நம்பிக்கையிலேயே ஒரு சுற்றுப் போய்விடுவாள். அப்புறம் டிரம் பக்கத்தில் அக்கா நிற்பதைப் பார்த்து அலறுவாள். அந்த முகத்தைப் பார்ப்பதில் அக்காவுக்கு அலாதி சந்தோஷம். ஹெல்மெட் ஷெட்டில் ஆணியில் தொங்கும். "நடக்குற வேகத்துக்கு அது எதுக்கு? தலைதான் வேர்க்கும்" என்பார்.

அக்கா வண்டி ஓட்ட ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம். ஒரு தடவைகூடக் கீழே போட்டதில்லை. மழையில் இல்லை, மணலில் இல்லை, நிறைமாதத்தில்கூட இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை போட்டார்.

அன்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் வகுப்புக்கு வரவில்லை. முந்தின நாள் டிரம் பக்கம் விழுந்து எழுந்தவள். விழுந்தால் இரண்டு நாள் ரோஷம் இருக்கும், மூன்றாம் நாள் தானாக வந்துவிடுவார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டார். மற்றவர்களை அனுப்பிவிட்டு, கேட்டை உள்பக்கமாகப் பூட்டி, வண்டியை ஷெட்டில் விடக் கிளப்பினார். முதல் கியர். நடக்கிற வேகம்.

டிரம் பக்கம் திரும்பும்போது பின்பக்கம் கனத்தது. கம்பியை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. ஏதாவது மாட்டிக்கொண்டதோ என்று ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினார். பிடி சட்டென்று விட்டது. வண்டி முன்னால் துள்ளியது. பதற்றத்தில் முன்பிரேக்கை அழுத்திவிட்டார். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைத் தொடாதே என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர். ஊன்றிய கால் வழுக்கியது.

டமார்.

கைக்கடிகாரம் உடைந்துவிட்டதா என்று பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. 5.40.

முழங்கையில் சிராய்ப்பு. மனசில் அதைவிடப் பெரிய சிராய்ப்பு. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. வண்டியை நிமிர்த்தப் பின்கம்பியைப் பிடித்தார். கை கூசியது. கம்பி ஈரமாக இருந்தது. வியர்த்த கை இறுக்கிப் பிடித்துவிட்டு இப்போதுதான் எடுத்த ஈரம்... அன்று வந்தவர்கள் எல்லாம் தனியாக ஓட்டத் தெரிந்தவர்கள். அக்கா அந்தக் கம்பியைத் தொடவே இல்லை.

அவர் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். வளைந்த ஃபுட்ரெஸ்டைத் தட்டி நிமிர்த்திக்கொண்டே சிரித்தார்.

"என்ன வாத்தியாரம்மா, பத்தொம்பது வருஷ மானம் போச்சா?"

"யாரோ பின்னாடி பிடிச்ச மாதிரி இருந்துச்சுங்க."

"வயசு பிடிச்சிருக்கும்."

அக்காவும் சிரித்து வைத்தார். ஈரத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை. 5.38. ஓட்டிப்போக மனம் வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். டிரம்மைத் தாண்டியதும் வண்டி லேசானது. பின்னாலிருந்து யாரோ கை கொடுத்துத் தள்ளுகிற மாதிரி. கூடவே ஒரு சத்தம்.

சர்ரக்... சர்ரக்...

ஒற்றைச் செருப்பைத் தரையில் இழுத்து நடக்கிற சத்தம்.

அக்கா நின்றார். சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தார். வெறும் மைதானம். கேட் பூட்டியே இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

வியாழக்கிழமை அந்தப் பக்கமே போகக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் மறுநாள் காலை மகளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் பெற்ற மகளைக் கடைசி நாள் வரை இழுத்தடித்திருந்தார். ஒரே பிள்ளை. கல்லூரியிலிருந்து அவள் வந்து சேரவே 5.25 ஆகிவிட்டது. பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

5.31. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். "பிடிச்சிருக்கேன், போ!" டிரம் வந்ததும் பழக்கதோஷத்தில் கை தானாக விட்டது. மகள் போனாள். அழகாகப் போனாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. கையாட்டினார். மகள் இந்தப் பக்கமே பார்க்கவில்லை. கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல், தலையை மட்டும் பின்னால் சாய்த்துச் சொன்னாள்.

"அம்மா, விட்டுடாத!"

அம்மா நின்றதோ டிரம் பக்கத்தில்.

5.38.

சர்ரக்... சர்ரக்... சர்ரக்...

சத்தம் வண்டிக்குப் பின்னாலேயே ஓடியது.

ஹெல்மெட் ஷெட்டில் தொங்கியது. மகளுக்கு வெறும் தலை.

5.39.

வண்டி டிரம்மை நோக்கித் திரும்பியது. மெதுவாக. பின்பக்கம் தாழ்ந்தது...

அடுத்து பிடி விடும். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் பிடிக்கல!" என்று கத்தினார். "விட்டுட்டேன்! நான் இங்க நிக்கிறேன்! நிறுத்துடி!"

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

பிறகு பின்னால் பார்த்தாள்.

வண்டியைப் போட்டுவிட்டுக் குதித்தாள்.

டமார்.

5.40.

கையை ஊன்றித்தான் விழுந்திருந்தாள். தலை தப்பியது. அக்கா ஓடிப்போய் அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

"அப்போ... மூச்சு வாங்கிட்டே பின்னாடி ஓடி வந்தது யாரும்மா?"

மறுநாள் மகள் டெஸ்டுக்குப் போகவில்லை. பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்கு ஒருவர் வந்தார். மருந்துக்கடைப் பெண்ணின் அண்ணன். லைசென்ஸுக்காக அவள் கொடுத்து வைத்திருந்த போட்டோவையும் பேப்பர்களையும் கேட்டார்.

"ஏன், இனிமே வரலையா அவ?"

"திங்கக்கிழமை நைட்டு தூக்கத்துலயே போயிட்டா மேடம்."

விழுந்தபோது பின்மண்டையில் லேசான அடி. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வார் அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம்.

"உங்க மேல அவளுக்குக் கோவமெல்லாம் இல்ல. ஒண்ணுதான் சொல்லிட்டே இருந்தா. அக்கா பிடிச்சிருக்கேன்னு சொன்னாங்க, திரும்பிப் பாத்தா யாருமே இல்லன்னு..."

அவள் எத்தனை மணிக்கு விழுந்தாள் என்று அவர் கேட்கவில்லை. அக்காவுக்குத் தெரியும். திங்கட்கிழமை கடைசி வகுப்பு. ஐந்து நாற்பது. தான் கையை எடுத்ததையும், ஹெல்மெட்டை ஆணியில் மாட்டி வைத்திருந்ததையும் ஒன்று விடாமல் சொல்லி அழுதார். தொழிலையே விட்டுவிடுகிறேன் என்றார். அந்த அண்ணன் போட்டோவையும் பேப்பர்களையும் வாங்கிக்கொண்டார். "இனிமே வர்றவங்களுக்காவது ஹெல்மெட் போட்டு விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது ஹெல்மெட் இல்லாமல் யாரையும் அக்கா சீட்டில் உட்கார விடுவதில்லை. கையை எடுத்தால் ஊரே கேட்கிற மாதிரி "விட்டுட்டேன்!" என்று கத்துகிறார். போன மாதம் நான் அவரிடம் பழகப் போனேன். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

எட்டாம் நாள் சாயங்காலம். டிரம் பக்கத்திலிருந்து அக்கா கத்தினார். "விட்டுட்டேன்!" பார்த்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஆனால் என் வண்டியை யாரோ கெட்டியாகப் பிடித்திருந்தார்கள்.

நிறுத்திவிட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். 5.36.

"பிடிச்சது விட்டுச்சா?"

"இல்லக்கா."

"இறங்கு. நாளையிலேர்ந்து நீ அஞ்சரைக்குள்ள கிளம்பிடு."