அரோவானாவின் விரதம்

மரக்கறி தவிர வேறெதுவும் சமைக்காத வீட்டில், இரண்டரை அடி நீளத்தில் ஒரு மாமிச உண்ணியை வளர்த்தவர் என் அண்ணை. வெள்ளி நிற அரோவானா மீன். அதன் ஆறடிக் கண்ணாடித் தொட்டி ஹோலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. தீனிக்கு வாங்கும் இறாலை அம்மா தன் பிரிஜ்ஜில் வைக்க விடாததால், விறாந்தை மூலையில் மீனுக்கென்று தனியாக ஒரு சின்னப் பிரிஜ் வாங்கி வைத்தார். "இந்த வீட்டிலை எனக்கே சொந்தமாய் ஒரு பிரிஜ் இல்லை, உவருக்கு இருக்கு" என்று நான் தொட்டியைக் காட்டிச் சொன்னால் சிரிப்பார். கலியாணம் செய்யாத மனிதர். அம்மாவும் நானும் அந்த மீனும்தான் அவருடைய குடும்பம்.

அம்மாவுக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. "உயிருக்கு உயிரைப் போட்டு வளக்கிறது பாவம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்து அண்ணை ஆஸ்பத்திரியில் கிடந்தது மூன்று கிழமை. கடைசியாக என்னோடு தெளிவாகக் கதைத்தது மீனைப் பற்றித்தான். "அவனைப் பாத்துக்கொள். சனிக்கிழமையிலை தண்ணி மாத்த மறந்திடாதை." ஓம் என்றேன். அந்த நாட்களில் இறாலை அள்ளி வீசிவிட்டு, அது தின்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அண்ணையின் செத்தவீடு நடந்து மூன்றாம் நாள், சுடலையில் சாம்பல் அள்ளிக் காடாற்று முடிந்து வந்த கையோடு, அம்மா அறியாமல் நாலு இறாலைத் தொட்டிக்குள் போட்டேன். முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு முடியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாசலையே மிதிக்கக் கூடாத வீடு எங்களுடையது. இறால் அடியில் போய்க் கிடந்தது. மீன் திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு, அண்ணையின் படத்துக்கு ஏற்றிய விளக்கு இருந்த பக்கமே நின்றது.

எனக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தார். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவர் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விடு தம்பி. அது அவனுக்காக விரதம் இருக்குது."

அன்றிலிருந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்களை அம்மா முதலில் தொட்டியடிக்குத்தான் கூட்டிப்போனார். "இஞ்சை பாருங்கோ, வாயில்லாச் சீவன். ஒண்டும் தின்னுதில்லை." சாவகச்சேரியிலிருந்து வந்த பெரியம்மா கண்ணாடியில் விபூதி பூசிவிட்டுப் போனார். அம்மா அதன் முன்னால் கதிரையைப் போட்டு இருந்து அதனோடு கதைத்தார். அண்ணை போன பிறகு அவருடைய முகம் சற்றுத் தெளிந்தது அந்தக் கதிரையில்தான். ஒரு சனிக்கிழமை நான் தண்ணீர் மாற்றும் குழாயை எடுத்தபோது, "பேசாமல் இருக்கிறதைக் குழப்பாதை" என்றார். வைத்துவிட்டேன். அம்மாவுக்காக மட்டும் வைத்தேன் என்று சொன்னால் பொய். நானும் அதை நம்ப ஆசைப்பட்டேன்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடித்து வீட்டுக்கு வந்தோம். மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது. அம்மா அழவில்லை.

"முப்பத்தொண்டு முடியுமட்டும் இருந்திட்டு அவனிட்டைப் போயிட்டுது" என்றார், பெருமையோடு.

அதைத் தூக்கக் கையை விட்டபோது அழுகல் நாற்றம் அடித்தது. வடிகட்டி முழுக்கச் சளிபோல அழுக்கு. நான் போட்ட இறால் கூழாகிக் கிடந்தது. ஏழெட்டுச் சனிக்கிழமையாக யாரும் மாற்றாத தண்ணீர். அது விளக்கைப் பார்த்து நிற்கவில்லை, மூச்சுக்காக மேலே வந்து நின்றிருக்கிறது. நோய் முற்றித்தான் தின்னாமல் இருந்திருக்கிறது. நான்தான் கொன்றேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பின்வளவில் குழி வெட்டி அதைப் புதைத்தேன். மண்ணைத் தள்ளும்போது போன ஐப்பசி நினைவுக்கு வந்தது. கோயில் பக்கமே போகாத அண்ணை, கந்தசஷ்டி ஆறு நாளும் ஒன்றும் சாப்பிடவில்லை. அதன் பிறகும் செவ்வாய், வெள்ளி என்று சாட்டுச் சொல்லித் தட்டைத் தள்ளிவைத்தார். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா ஊரெல்லாம் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். அவருடைய சாரம் இடுப்பில் நிற்காமல் வழுகியதை நாங்கள் இருவரும் கண்டோம். வயிறு நோகிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.